சமையற்கட்டில் ஓடிய லேப்டாப்

திண்டிவனத்தில் கல்யாண வீடியோவுக்கென்றே ஏ.சி. போட்டு மிக்ஸிங் ரூம் கட்டிய முதல் ஆள் நான். விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் கிளை திறந்தேன். காலையில் மாதா கோயிலில் கட்டிய தாலியைச் சாயங்காலமே மண்டபத்துத் திரையில் படமாகக் காட்டும் வழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒலக்கூர்ப் பக்கம் அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுத்த குடும்பத்தில் பிறந்து, சொந்தமாக மாடி வீடு கட்டினேன். ஒரே மகளைச் சென்னைக்கு அனுப்பி, படம் பிடிக்கிற படிப்பையே படிக்க வைத்தேன். லேப்டாப் கொதிக்காமல் இருக்க அதன் அடியில் வைக்கிற ஸ்டாண்டு இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அது இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, கம்பி வளைத்து, பழைய காற்றாடியைப் பொருத்தி, நானே ஒன்று செய்தேன். இத்தனையும் செய்தவன் படித்தது ஆறாவது. அதிலும் முழு ஆண்டுப் பரீட்சை எழுதவில்லை.

தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் எழுதுவது இது.

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த 1993-ல் நான் ஒரு வீடியோக்காரரிடம் லைட் பிடிக்கிற ஆள். அந்த லைட்டின் சூட்டில் ஐயரும் வியர்ப்பார், பாதரும் வியர்ப்பார். திட்டு மட்டும் எனக்கு விழும். லைட்டுக்கு அப்புறம் கேமரா தோளுக்கு வந்தது. கேமராவால் கடை வந்தது. கடைக்குள் கம்ப்யூட்டர் வந்தது. விரித்துச் சொன்னால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். எனக்கு முதலாளியாக இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைய கல்யாணத்தை அன்றைக்கே காட்டும் யோசனை எனக்கு வந்தது ஒரு ரிசப்ஷனில்தான். எங்கள் ஜனங்களின் கல்யாணத்தில் காலையில் கோயிலில் பூசை, தாலி. சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் சோடித்துக்கொண்டு வருவதற்குள் ஜனம் நாற்காலியில் காய்ந்துகொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் காலையில் நடந்ததைத் திரையில் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தால் செய்துவிடுவேன். கடையில் இருந்த கம்ப்யூட்டரைக் கழற்றி, மெத்தையில் படுக்கவைத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வேகத்தடை வந்தால் டிரைவருக்கு முன்னால் நான் கத்துவேன். பிரசவமான பொம்பளையைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி அதைக் கூட்டிக்கொண்டு போவேன். மண்டபத்தில் இறக்கி, ஒயர்களை மாட்டி, வெட்டி ஒட்டி, கேக் வெட்டுவதற்கு முன்னால் படம் ஓடும். முதல் தடவை ஓடியபோது, சாப்பிட எழுந்த பந்தி திரும்பி வந்து உட்கார்ந்தது. அது போதும் எனக்கு.

2010 வாக்கில் அந்த வேலைக்கென்றே ஒரு லேப்டாப் வாங்கினேன். லேப்டாப் என்றதும் இப்போது இருக்கிற தட்டு மாதிரி நினைக்கக் கூடாது. மூடி வைத்தால் தலையணை உயரம். சார்ஜர் ஒரு செங்கல். தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்க முடியும். காற்றாடி சுற்ற ஆரம்பித்தால் மாவு மில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். பேட்டரி என்று ஒன்று இருந்தது, அது பேருக்குத்தான். ஆனால் உள்ளே இருந்த சக்தி! எவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தாலும் முனகிக்கொண்டே முடித்துத் தரும். நடுவில் நின்றது என்று ஒரு நாள் இல்லை. அதற்குத்தான் அந்த இரும்பு ஸ்டாண்டைச் செய்தேன். ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் அது ராஜா.

மகள் படிப்பு முடிந்து வந்தாள். வந்தவுடன் கடையில் அவள் கண்ணை உறுத்திய பொருள் அதுதான்.

"அப்பா, பார்ட்டிங்க எதிர்ல அத்த எடுத்து வைக்காதீங்க. கடப்பாறைய எடுத்து வச்ச மாதிரி இருக்குது."

"கடப்பாறைதான் கண்ணு பள்ளம் தோண்டும். ஊசி தோண்டுமா?"

"இப்ப யாருப்பா பள்ளம் தோண்டச் சொன்னா? படம்தான காட்டப் போறோம்?"

வாய்க்கு வாய் பேசுவாள். என்னிடமிருந்து வந்ததுதான், வேறு எங்கிருந்து வரும்?

கொஞ்ச நாளில் அவளே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளி நிறம். ஒரு விரலில் தூக்கலாம். ஓரம் மாங்காய் நறுக்கலாம் போல அவ்வளவு மெலிசு. மூடியைத் திறந்த உடனே முழித்துக்கொள்ளும். என்னுடையது எழுந்திருப்பதற்குள் நான் டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன். சத்தம் கிடையாது. கரண்டு இல்லாமலே பாதி நாள் தாக்குப்பிடிக்கும். இதெல்லாம் உண்மை. இல்லாத குறையை நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரியிலிருந்து ஒரு பார்ட்டி வந்தபோது அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி ஆல்பம் காட்டினாள். அவர்கள் ஆல்பத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். அன்று என் தோளுக்கே கொஞ்சம் ஆசை வந்தது. வருஷக்கணக்கில் பெல்ட் பதிந்த இடம் தழும்பாகிவிட்ட தோள் இது.

ஆனால் அதில் குறையும் இருந்தது. உள்ளே இடம் கொஞ்சம். ஒயர் மாட்டுவதற்கு இரண்டே ஓட்டை. கேமரா கார்டைச் சொருக இடமே கிடையாது. அதற்குத் தனியாக ஒரு வால் ஒயர் தொங்க வேண்டும், திரைக்கு இன்னொரு வால். கடினமான வேலை கொடுத்தால் சூடேறும். சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் கூலி ஆள் நிழலுக்கு ஒதுங்குகிற மாதிரிதான். ஏ.சி. ரூமில் ஒழுங்காக ஓடும். கத்திரி வெயிலில் மண்டபத்து மேடை ஓரத்தில் எப்படி ஓடும் என்பதுதான் என் கேள்வி.

புதுப் பொருள் வாங்கினால் பாதரிடம் கொண்டுபோய் மந்திரிப்பது எங்கள் வழக்கம். என் லேப்டாப்பை மந்திரித்தபோது அவர் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். அது காற்றாடியில் பட்டு என் முகத்திலேயே திரும்பத் தெளித்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுடையதைக் கொண்டுபோனபோது அவள் அதன்மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாதர் சிரித்துவிட்டார். "என்னாம்மா, ஆண்டவரோட ஆசீர்வாதத்துக்கே ரெயின்கோட்டா?"

"பாதர், தண்ணி உள்ள போனா போச்சு பாதர்."

"அப்ப எட்டி நின்னே செபம் பண்ணிடறேன். ஜல்தியா எடுத்துகினு போ."

அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அடுத்த கோடையில் வளவனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. காலையில் அந்த ஊர்க் கோயிலில் பூசை, சாயங்காலம் வளவனூர் மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை; முந்தின வருஷம் தவறிவிட்டார். பெரியப்பாதான் முன்நின்று நடத்தினார். அவர் எங்கள் வீடியோத் தொழில்காரர்கள் சங்கத்தில் மாவட்டப் பொறுப்பில் இருப்பவர். அவர் வீட்டு வேலை என்றால் அது வெறும் கல்யாண வேலை இல்லை, தொழில்காரர்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் செய்கிற வேலை. மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இந்தக் கல்யாணம் முழுசா என்னுதுலதான்பா. நீங்க வாங்க, சாப்புடுங்க, நாலு பேர்கிட்ட பேசுங்க. அத்த மட்டும் தூக்கினு வராதீங்க."

"கார்டுங்கள ரெண்டு காப்பி எடுக்கணுமே? ரெண்டாவது காப்பிக்கு?"

ரெண்டு காப்பி என்பது என் கடைச் சட்டம். ஒரு காப்பி கெட்டால் இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பெயரில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அதை அவளும் மீறியதில்லை.

"சரி, காப்பிக்கு மட்டும். எடுத்துட்டு டிக்கியிலியே வச்சிடணும். மண்டபத்துக்குள்ள வரக் கூடாது. சத்தியமா?"

"சத்தியம்லாம் எதுக்கு? டிக்கியில இருக்கும்."

ஸ்டாண்டையும் டிக்கியில் போட்டேன். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் பூசை முடிந்து வெளியே வந்ததும், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். எங்கள் பக்கம் அப்படி உண்டு. கல்யாணத்தைப் பார்க்க இல்லாதவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவது. மாப்பிள்ளை தன் மாலையைக் கழற்றி அப்பா கல்லறையின் சிலுவையில் போட்டான். பெண் முழங்கால் போட்டாள். ஒரு கேமரா அதையும் எடுத்தது. நான் எல்லாக் கார்டையும் காரில் உட்கார்ந்தே என்னுடையதில் காப்பி எடுத்து முடித்தேன்.

மண்டபத்தில் மேடை ஓரமாக அவளுக்கு ஒரு மேஜை. டெக்கரேஷன்காரர்கள் அதற்கு நீல வெல்வெட் விரித்து, ஓரத்தில் ஜரிகை வைத்திருந்தார்கள். அதன்மேல் வெள்ளி லேப்டாப். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் வெட்டினாள், ஒட்டினாள், பாட்டுச் சேர்த்தாள். கை வேகம் எனக்கே பொறாமை. பிறகு ஒட்டிய துண்டுகளை ஒரே முழுப் படமாக உருட்டி எடுக்கப் போட்டாள்; ரெண்டர் என்பார்கள். அதற்குத்தான் எந்த லேப்டாப்பும் மூச்சு வாங்கும். மெதுவாகப் போனது. ஆனால் முடித்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். மேஜையிலிருந்தே என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். நான் நினைத்தது பொய்யாகிவிட்டதே என்று கொஞ்சம் வருத்தம், மகள் சாதித்துவிட்டாளே என்று நிறைய சந்தோஷம்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வெள்ளைப் புடவை. மேடைப் பக்கமே வராமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றிருந்தவர், என் மகளிடம் மட்டும் வந்து மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, கல்லறைக்குப் போனது வருதா படத்துல?"

"இல்ல ஆன்ட்டி. சந்தோஷமான நேரத்துல வருத்தமா இருக்கும்னு அத்த எடுத்துட்டேன்."

"அவர எடுத்துட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். அழவில்லை, கோபப்படவில்லை. என் மகள் முகம் சிவந்துவிட்டது.

"போட்டுடறேன் ஆன்ட்டி. கண்டிப்பா வரும். நீங்க போய் உக்காருங்க."

சேர்ப்பது நிமிஷ வேலை. அவள் அழகாகவே சேர்த்தாள். தாலி கட்டியதும் பாட்டை நிறுத்தி, சத்தமே இல்லாமல் கல்லறை. ஆனால் மறுபடியும் முழுப் படத்தையும் உருட்டி எடுக்க வேண்டும். வெளியே மாப்பிள்ளை, பெண் ஊர்வலத்துக்குப் பேண்டு ஆரம்பித்துவிட்டது. லேப்டாப் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தது. வெல்வெட்டிலிருந்து தூக்கி வெறும் மேஜையில் வைத்தாள். டேபிள் ஃபேனைத் திருப்பினாள். எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டுகிற கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. எறும்பு தேவலை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எவ்ளோ நேரம் காட்டுது?"

"கேக் வெட்டி, சாப்பாடு முடிஞ்சி, ஜனம் வீட்டுக்குப் போற வரைக்கும் காட்டுதுப்பா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உங்களுது டிக்கியிலதான இருக்குது?"

பென் டிரைவை நீட்டினாள். எந்தத் துண்டுக்கு அப்புறம் எது என்று அவள் வெட்டி ஒட்டிய கணக்கும் பாட்டும் அதில் இருந்தன. படங்கள் எல்லாம் அதே பெயரில், அதே வரிசையில் என்னுடையதில் இருந்தன. சேர்த்துவிட்டால் ஓடும்.

"மேடைக்கு எடுத்துகினு வரட்டுமா?"

"அய்யோ வேணாம்பா. மாப்பிள்ளையோட பெரியப்பா நிக்கறாரு. எங்கியாவது உள்ள."

உள்ளே என்றால் சமையற்கட்டுதான். டிக்கியைத் திறந்து, தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பின்பக்கமாக ஓடினேன். அங்கே சோற்றை ஆற வைக்க ஒரு பெரிய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேராக, எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஸ்டாண்டை வைத்து லேப்டாப்பைத் திறந்தேன்.

சமையல் மாஸ்டர் பிரியாணி அண்டாவை விட்டுவிட்டு வந்து பார்த்தார். "அண்ணே, என்னா இது? இத்த வச்சி என்னா வேக வைக்கப் போறீங்க?"

"கல்யாணத்த வேக வைக்கப் போறேன். ஃபேன இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பு மாஸ்டர்."

"சோறு கொழஞ்சிடும்ணே, பேஜாரா பூடும்."

"இது கொழஞ்சா அதவிடப் பேஜாரு. திருப்புப்பா."

திருப்பினார். என் லேப்டாப் எழுந்திருக்க வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு காற்றாடி ஊளையிட ஆரம்பித்தது. கோடு ஓடியது. நின்று நின்று இல்லை, ஓடியது. நான் மேல்துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன், அதற்கு. பாதி தாண்டியபோது கரண்டு போனது. சமையற்கட்டு இருண்டது, பெரிய ஃபேன் நின்றது, என் பேருக்கு இருந்த பேட்டரியின் தயவில் திரை மட்டும் வெளிச்சமாக நின்றது. வேளாங்கண்ணி மாதாவே என்றேன். மாஸ்டரும் ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டார். ஜெனரேட்டர் உறுமி விளக்கு வரும்வரை அந்த நோஞ்சான் பேட்டரி தாங்கியது. வாழ்நாளில் அது செய்த ஒரே வேலை அதுதான், அதைச் சரியாகச் செய்தது.

"அண்ணே, உங்க அண்டா கெட்டிண்ணே" என்றார் மாஸ்டர்.

முடிந்த படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மகள் மவுஸின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் பென் டிரைவைச் சொருகினாள். விளக்கை அணைத்தார்கள். வெள்ளி லேப்டாப் அலுங்காமல் குலுங்காமல் படத்தைக் காட்டியது. காட்டுவது அதற்குக் கஷ்டமான வேலை இல்லை. கல்லறை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று பார்த்தார். மேடையில் பையன் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் திரைக்குப் பக்கவாட்டில், துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். சட்டை முழுக்கப் பிரியாணி வாசனை.

விளக்கு வந்ததும் பெரியப்பா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். அந்த மெல்லிசு லேப்டாப்பை ஒரு கையில் தூக்கி ஜனங்களுக்குக் காட்டினார்.

"நாங்கள்லாம் இந்த வேலைக்கு ஒரு வேன் சாமான ஏத்தினு போவோம். எம்மாடி, இந்தத் தட்டுலயேவா முழுசும் பண்ண? உண்மையச் சொல்லு."

என் மகள் மைக்கை வாங்கினாள். தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். பார்த்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமாங்க அங்கிள். காலைலர்ந்து இது ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். எனக்கும் கை தானாகத் தட்டியது. மேடைக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் என்னைப் பார்த்தார். "என்னாண்ணே, அண்டாவ மறந்துட்டாங்களா?" என்றார். நான் பந்திக்குப் போனேன். சோறு கொஞ்சம் குழைந்துதான் இருந்தது.

மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

"எங்கப்பாவும் கூட இருந்தாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாக்கு கொறஞ்சிடுமா?"

"அப்பா, அங்க நீங்க செஞ்சீங்கன்னு சொன்னா, நான் ஒண்ணுமே செய்யலன்னு ஆயிடும்பா. பொம்பளப் புள்ள, அப்பா செஞ்சித் தர்றாரு, இது மைக்கப் புடிச்சினு நிக்குதுன்னுவாங்க. உங்களுக்கு அந்தப் பேர் ஏற்கெனவே இருக்குது. எனக்கு இப்பதான வருது?"

"அதுக்குப் பொய்யா?"

"வெட்டுனது நானு, ஒட்டுனது நானு. கல்லறைய அந்த எடத்துல வச்சது நானு. ஒருவாட்டி முழுசா முடிச்சதும் என்னுதுதான். அதுல எது பொய்யி?"

"கடைசியா ஜனம் பார்த்தது எதுல முடிஞ்சது?"

எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் எழுதவில்லை. இந்தத் தொழிலில் ஒரு பெண் கேமரா தூக்கினால் என்ன பேசுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படிப் பேசிய வாய்களோடு நான் சண்டை போட்டவன். ஆனால் அவள் பெயர் நிற்பதற்கு என் பெயரைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டுமா? என்னைத் தள்ளிவிட வேண்டிய அவசியம் என்ன? கேட்டிருந்தால் நானே குனிந்திருப்பேன். கேட்கவில்லையே.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விழுப்புரத்தில் சங்கத்து விழா வைத்தார்கள். அந்தப் பெரியப்பாதான் ஏற்பாடு. சின்ன லேப்டாப்பில் பெரிய வேலை செய்த பெண் என்று என் மகளுக்குப் பொன்னாடை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அந்த வெள்ளி லேப்டாப்பையும் ஒரு மேஜையில் வைத்திருந்தார்கள், அதற்கும் ஒரு ரோஜாப் பூ. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இங்கேயாவது சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் ஆள் நான் இல்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

அவள் நன்றாகப் பேசினாள். கனம் குறைந்த கருவி, கையில் அடங்குகிற கருவி, இனிமேல் இதுதான் என்றாள். கடைசியில், "இதுக்கெல்லாம் காரணம் எங்க அப்பாவோட ஆசீர்வாதம்" என்றாள். ஜனம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, "கொடுத்து வச்சவரு நீங்க" என்றார். பெல்ட் பதிந்த அதே தோள்.

ஆசீர்வாதம்! அதைப் பாதர் கொடுத்தார், எட்டி நின்று. நான் கொடுத்தது ஆசீர்வாதமா? எண்ணெய் டின்னைக் கவிழ்த்தவன் நான். சோற்று ஃபேனைத் திருப்ப வைத்தவன் நான். துண்டால் விசிறியவன், ஓடியவன் நான். வேலை செய்தவனைப் பிடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? மரியாதை மாதிரி இருக்கிறது. பார்த்தால் என்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு அது.

அதற்குப் பிறகு, அந்த வளவனூர்க் கல்யாணப் படம் உட்பட, கடையிலிருந்து போகிற ஒவ்வொரு படத்தின் முடிவிலும் எழுத்து வரும். படப்பிடிப்பு இன்னார், தொகுப்பு இன்னார், இசைக் கோப்பு இன்னார். எல்லாம் முடிந்தபின் தனியாக, ஜெபமாலை படத்தோடு, நல்லாசியுடன் என்று என் பெயர். கல்யாணப் பத்திரிகையில் செத்துப்போன தாத்தா பெயரைப் போடுகிற மாதிரி. வளவனூர்ப் படம் உருண்டதே நான் எடுத்த ரெண்டாவது காப்பியிலிருந்துதான். ஆனால் பெயர் மட்டும் ஆசீர்வாதத்தில்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவ பேருக்கு முன்னாடி உங்க எழுத்துதான நிக்குது? இன்னும் என்னா வோணும் உங்களுக்கு?" என்றாள்.

"அது நான் பெத்ததுக்கு வந்த எழுத்து. செஞ்ச வேலைக்கு வந்தது எங்க?"

"சொந்தப் பொண்ணுகிட்ட போட்டி போட்டுகினு. கேக்கறவங்க சிரிப்பாங்க."

சிரிக்கட்டும்.

கடைசி அடி ஒன்று பாக்கி இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சமயத்தில் ஒரு தடவை நான் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து மிக்ஸிங் ரூமைத் திறந்தால் மேஜை காலியாகக் கிடந்தது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டத்தில் என் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, இன்னொரு மெல்லிசு லேப்டாப்பை வாங்கியிருந்தாள். "உங்க தோள் வலிக்காகத்தாம்பா. இனிமே நீங்க கனம் தூக்க வேணாம்" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். பாசத்தோடு வருகிற அடியைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை. இரும்பு ஸ்டாண்டு மட்டும் மிச்சம். அதன்மேல் இப்போது தண்ணீர் கேன் இருக்கிறது. காற்றாடி இருந்த ஓட்டையில் டம்ளர் சொருகி வைக்கிறார்கள்.

இப்போது வருகிற மெல்லிசு லேப்டாப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன என்கிறார்கள். செய்யட்டும். காட்டுவதற்கு மெல்லிசு, செய்வதற்குக் கனம் என்று நான் சொல்வது ஒருநாள் பொய்யாகப் போகலாம். ஆனால் வளவனூர் மண்டபத்தில் அந்த ஒரு சாயங்காலம் அது பொய் இல்லை. அந்த அம்மா தன் வீட்டுக்காரரைத் திரையில் பார்த்தது என் கனத்த லேப்டாப்பால். அதை இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகளுக்குத்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் வருகிறது. நான் அதைத் தொடுவதில்லை.

என் மகளின் கேடயத்தை நான் கேட்கவில்லை. பொன்னாடையில் பாதியும் வேண்டாம். அவள் வெட்டியது அவளுடையது, கல்லறைக்கு முன்னால் பாட்டை நிறுத்தியது அவளுடையது. அதை என் வாயாலேயே இங்கே சொல்லிவிட்டேன். நான் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவள் கொடுக்கட்டும்.

அந்தக் கல்யாணப் படம் இன்னும் கடையில் இருக்கிறது. புதிதாக வரும் பார்ட்டிகளுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறாள். அதன் முடிவில் நல்லாசியுடன் என்ற வரியை எடுத்துவிட வேண்டும். தொகுப்பு என்று அவள் பெயர் வருகிற இடத்துக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், படத்தை உருட்டி முடித்துக் கொடுத்தது அப்பா என்று என் பெயரைப் போட வேண்டும். இடம் சமையற்கட்டு என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். அந்த எழுத்து திரையில் ஏறும்வரை நான் மிக்ஸிங் ரூமுக்குள் காலை வைக்கப் போவதில்லை.